புனையா ஓவியமும் பிள்ளையின் முகமும்

நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து அணிகலன் களைந்து கிடக்கும் அரசியைப் புலவர் புனையா ஓவியத்துக்கு ஒப்பிடுகிறார். வர்ணம் தீட்டாமல் கோட்டோடு நிறுத்திய சித்திரம் என்பது அதன் பொருள். மணிமேகலையிலும் இச்சொல் வருகிறது. வர்ணம் ஏறாத ஓவியத்தை அரைகுறை வேலையாகக் கருதாமல், துயரத்தைச் சொல்லத் தக்க உவமையாக நம் பழம் புலவர்கள் கண்டிருக்கிறார்கள். தமிழ் படித்த எவருக்கும் இது தெரிந்த செய்திதான். ஆனால் இன்றைக்கு நமது சித்திரப் பாட வகுப்புகளில் 'சேர், கலர் அடிக்கல்லியா?' என்பதுதான் முதல் கேள்வி.

இக்கட்டுரை வர்ணம் அடிக்காத ஒரு சிறு வகையைப் பற்றியது: பிள்ளைகளின் முகத்தைக் கரியாலும் செங்காவியாலும் கீறும் கலை. கரி நமக்குப் புதிதல்ல. அடுப்பில் மிஞ்சிய கரித்துண்டால் சுவரில் கீறி உம்மாவிடம் அடி வாங்காதவர் நம்மில் குறைவு. சித்திரக்காரர் பாவிப்பது மெல்லிய திராட்சைக் கொடி அல்லது வில்லோ மரக் குச்சியைக் காற்றுப் படாமல் சுட்டெடுத்த கரி. செங்காவி என்று நான் சொல்வது ஐரோப்பியர் 'சங்குவீன்' என்று அழைக்கும் சிவப்புக் கட்டி. இரும்பு ஒக்சைட்டு கலந்த மண்தான் அது. பெயர் மட்டும் இரத்தத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்று எரிந்து மிஞ்சியது, மற்றது மண். இரண்டுக்கும் குணம் வேறு. கரி விரலால் தேய்த்தால் கலையும், பாண் துண்டால் ஒற்றினால் அழியும். கீறுகிறவர் மனசு மாறிக்கொண்டே இருக்கலாம். செங்காவி அவ்வளவு இடம் கொடுக்காது. தாளில் பிடித்துக்கொண்டால் இலேசில் விடாது.

பிள்ளை முகத்தைக் கீறுவதில் உள்ள கஷ்டம் என்னவென்று ஒரு நல்ல சித்திர ஆசிரியரைக் கேட்டால் அளவைப் பற்றித்தான் முதலில் சொல்வார். வளர்ந்தவர் தலையில் கண்கள் ஏறக்குறைய நடுக்கோட்டில் இருக்கும். சின்னப் பிள்ளைக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே. நெற்றி பெரிது, நாடி சிறிது. கருவிழி முதல் சில ஆண்டுகளிலேயே பெரியவரின் அளவை நெருங்கிவிடும். முகம் சிறிதாகவே இருப்பதால்தான் பிள்ளைகளின் கண் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இதெல்லாம் பழகினால் வரும். அளவு சரியாய் வந்த பிறகுதான் பெரிய கஷ்டம் தொடங்குகிறது. பிள்ளையின் முகத்தில் கோடு கிடையாது. மூக்கின் பக்கத்திலிருந்து வாய்க்கடை வரை இறங்கும் மடிப்பைக் கரியால் கொஞ்சம் அழுத்திப் போட்டால் போதும், ஆறு வயதுப் பிள்ளை அறுபது வயதுக் கிழவனாகிவிடும். கண்ணுக்குக் கீழே ஒரு கீற்றுக் கூடினால் நோயாளியாகிவிடும். ஆகவே ஆசிரியர்கள் சொல்வது: கோட்டைக் குறை, நிழலைப் பரப்பு, முகத்தைத் தாளின் வெண்மையிடம் விட்டுவிடு.

இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு படத்தைப் பார்க்கலாம். பீட்டர் போல் ரூபன்ஸ் 1619ஆம் ஆண்டளவில் தன் மகன் நிக்கொலஸைக் கீறிய சித்திரம் வியன்னாவின் அல்பர்ட்டினா நூதனசாலையில் இருக்கிறது. கழுத்தில் பவளமாலை. பெரும்பகுதி சிவப்புக் கட்டி, அங்கங்கே கறுப்பு, கொஞ்சம் வெள்ளை. உப்பிய கன்னத்திலும் உதட்டிலும் சிவப்பு எவ்வளவு மென்மையாகப் படிந்திருக்கிறதென்றால், தாளுக்குள்ளே இரத்தம் ஓடுகிறதோ என்று தோன்றும். செங்காவியின் உச்சம் அது. வீட்டில் சோறு இருக்கிற, நோய் இல்லாத, வாப்பா பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் முகம். இந்தப் படத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் செங்காவி எப்போதும் ஆரோக்கியத்தின் பக்கம் சாய்கிற பொருள். நோயையும் பசியையும் அதனால் சொல்ல முடியாது என்றில்லை. சொல்ல வைப்பதற்கு மிகவும் பாடுபட வேண்டும். எங்கள் பிள்ளைகளின் மண்ணிற முகத்துக்கு அது ஐரோப்பியக் கன்னச் சிவப்பாக அல்லாமல் முழுத் தோலின் நிறமாகவே பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மங்கிய பழுப்புத் தாளில் செங்காவியால் ஒரு மீனவப் பிள்ளையைக் கீறிப் பார்த்தவருக்கு இது விளங்கும்.

ரூபன்ஸின் பிள்ளைக்கு நேரெதிர்த் திசையில், எங்கள் ஊர்ச் சலூன்களிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் ஒரு காலத்தில் தொங்கிய ஒரு படத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கன்னத்தில் கண்ணீர்த் துளியோடு நேரே பார்க்கும் பொடியன். இத்தாலியரான புரூனோ அமாடியோ 'ஜொவான்னி பிரகொலின்' என்ற புனைபெயரில் வரைந்த அழும் பிள்ளைகளின் படங்கள் உலகம் முழுக்க இலட்சக்கணக்கில் அச்சாகி விற்றன. வரைந்த கை திறமையான கைதான். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் அழுகிறது என்பது படத்தில் எங்கும் இல்லை. அது அழுவது நமக்காக. நாம் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு முடிவெட்டிக்கொண்டு போவதற்காக. உணர்ச்சி என்றாலே கண்ணீர் என்று எண்ணும் ரசனை இந்தப் படங்களால் ஊட்டப்பட்டது. இன்றைக்குக் கைபேசியில் சுற்றும் 'பென்சில் ஆர்ட்' பிள்ளை முகங்களில் பாதி இதன் பேரப்பிள்ளைகள். கண்ணிமை ஒவ்வொன்றாக எண்ணிக் கீறியிருக்கும், கண்ணில் ஆள் இருக்காது.

உணர்ச்சியுள்ள பிள்ளைச் சித்திரம் எது என்பதற்கு நான் காட்டக்கூடிய முதல் பெயர் ஜேர்மன் பெண் ஓவியர் கெத்தே கொல்விட்ஸ் (1867–1945). கணவர் பெர்லினின் தொழிலாளர் பகுதியில் வைத்தியர். மருந்துக்கு வந்த தாய்மாரையும் பிள்ளைகளையும்தான் அவர் வாழ்நாள் முழுக்கக் கரியாலும் கல்லச்சுக் கிரயோனாலும் கீறினார். 1903இல் இறந்த பிள்ளையைக் கட்டியணைக்கும் தாயைச் செதுக்கியபோது, ஏழு வயது மகன் பீட்டரை மடியில் வைத்துக் கண்ணாடி முன் இருந்து தன்னையே மாதிரியாக்கினார். அந்தப் பீட்டர் 1914 ஒக்டோபரில் பெல்ஜியப் போர்முனையில் மௌத்தானான். பசித்த பிள்ளைகள் வெறும் கோப்பைகளை மேலே நீட்டி நிற்கும் அவரது சுவரொட்டி முதலாம் உலகப் போருக்குப் பின்வந்த பஞ்ச ஆண்டுகளில் வெளிவந்தது. அதில் ஒரு பிள்ளையும் அழவில்லை. கவனித்துப் பாருங்கள்: கோப்பையை எவ்வளவு உயரத்துக்கு நீட்டினால் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிற கண்கள் அவை. பசித்த பிள்ளைக்கு அழ நேரமில்லை. பிரகொலினுக்குத் தெரியாத செய்தி இது. மூக்கோரக் கோட்டை அழுத்தாதே என்ற வகுப்பறை விதியைக் கொல்விட்ஸ் மீறுகிறார். தெரியாமல் அல்ல.

இனி எங்கள் கடலுக்கு வருகிறேன். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதை நேரில் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் எனது வகுப்பில் இருந்திருக்கிறார்கள். இலங்கையில் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. இதே விரிகுடாவின் வடமுனையில், ஜப்பானியர் இறங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில், பிரித்தானிய ஆட்சி வங்காளக் கரையோர மக்களின் தோணிகளைப் பறித்தது, நெல்லை அகற்றியது. அதன்மேல் புயலும் பதுக்கலும் சேர்ந்தன. 1943இன் வங்காளப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 30 இலட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். நமக்குக் குண்டாக வந்த அதே யுத்தம் அங்கே பட்டினியாக வந்தது.

அப்போது கல்கத்தா அரசினர் கலைப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தவர் ஜைனுல் ஆபிதீன் (1914–1976). கிழக்கு வங்கத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. மகன் சித்திரம் படிக்க வேண்டுமென்று தாய் தன் தங்கச் சங்கிலியை விற்றுக் கொடுத்தார் என்பார்கள். எங்கள் உம்மாமார் டியூசன் காசுக்கு நகை அடகு வைப்பதைக் கண்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. சித்திரத்துக்காக அடகு வைத்தவர்தான் அபூர்வம். தெருவில் செத்துக்கொண்டிருந்தவர்களை ஜைனுல் கீறத் தொடங்கினார். நல்ல தாளும் மையும் வாங்க வழியில்லை. கரியை எரித்துத் தானே மை செய்து, பொதி கட்டும் மலிவுத் தாளில், ஈரம் குறைந்த தூரிகையால் இழுத்தார். 1944இல் ஏலா சென் பஞ்சத்தைப் பற்றி எழுதிய நூலில் அவற்றில் சில அச்சாயின. பின்னர் அவர்தான் 1948இல் டாக்காவில் கலைக் கல்லூரியைத் தொடக்கினார். வங்கதேசம் இன்றைக்கும் அவரைச் சில்பாசார்யா என்கிறது.

அந்தப் பஞ்சப் படங்களில் பிள்ளைகளைப் பாருங்கள். தாயின் வற்றிய மார்பை இழுக்கும் பிள்ளை. குப்பைத் தொட்டியருகே நாயோடும் காகத்தோடும் பங்கு போடும் பிள்ளை. காய்ந்த தூரிகை தாளில் உரசிப் போகும்போது கோடு உடைகிறது. அந்த உடைவே விலா எலும்பாகிறது. இங்கேதான் முன்சொன்ன விதி தலைகீழாகிறது. அழுத்திய கோடு பிள்ளையைக் கிழவனாக்கும் என்று ஆசிரியர் எச்சரித்தார் அல்லவா? பஞ்சம் செய்வதும் அதைத்தான். பட்டினி கிடந்த பிள்ளைக்கு உண்மையிலேயே கிழவன் முகம் வருகிறது. தொடக்கக்காரன் தவறிச் செய்வதை ஜைனுல் தெரிந்து செய்கிறார். கரியின் குறையென்று சொன்னது இந்த இடத்தில் சாட்சியாகிறது. செங்காவியால் இதைச் செய்திருக்க முடியாது என்பது எனது எண்ணம். இரத்தம் வற்றிய முகத்துக்கு இரத்தத்தின் நிறம் பொய் சொல்லும்.

ஆனால் இவ்வளவு சொன்ன பிறகு எனக்கொரு குறை இருக்கிறது. ஜைனுலின் பிள்ளைகள் உடம்புகள். முகம் பெரும்பாலும் குனிந்திருக்கும், அல்லது இரண்டு மூன்று கோட்டில் முடிந்துவிடும். அது பஞ்சத்தின் உருவப்படம். இன்னார் வீட்டுப் பிள்ளையின் உருவப்படம் அல்ல. இதே பஞ்சத்தை 1943 நவம்பரில் மிதினாப்பூர் மாவட்டத்தில் நடந்தே திரிந்து கீறிய சித்தப்ரசாத்திடம் (1915–1978) வேறொரு பழக்கம் இருந்தது. தான் கீறிய ஆட்களின் பெயரையும், ஊரையும், அவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் படத்தோடு எழுதி வைத்தார். அவரது நூலைப் பிரித்தானிய ஆட்சி பறிமுதல் செய்து எரித்தது. பெயர் எழுதியதும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். முப்பது இலட்சம் என்பதை மறுக்கலாம், குறைக்கலாம். பெயரும் முகமும் உள்ள ஒரு பிள்ளையை எப்படி மறுப்பது? பின்னாளில் அவர் வேலைக்குப் போகும் பிள்ளைகளை லினோ வெட்டில் ஒரு தொடராகவே செய்தார். கோட்டின் வலிமையில் ஜைனுல் பெரியவர். சந்தேகமில்லை. ஆனால் பிள்ளையை ஆளாகக் கண்டதில் சித்தப்ரசாத்துக்குத்தான் எனது வாக்கு.

இந்த வேறுபாடு வங்காளத்தோடு நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் அலை வந்தபோதும், 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கைப்பிள்ளைகளோடு கந்தளாய்க்கு நடந்தபோதும் எங்கள் பிள்ளைகளின் முகங்கள் படம் பிடிக்கப்பட்டன. பிடித்தவர்கள் வெளியார். அவர்களுக்குத் தேவைப்பட்டது பிரகொலினின் பிள்ளை. முகாம்களில் கலர்ப் பெட்டியும் தாளும் கொடுத்து 'அலையைக் கீறுங்க' என்றார்கள். பிள்ளைகள் கீறினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளை எதிரே இருத்தி, பெயர் கேட்டு, அரை மணித்தியாலம் பார்த்துக் கீறியவர் எங்களுக்குள்ளிருந்து எத்தனை பேர்? கவிதை எழுதினோம். கதை எழுதினோம், இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் அவற்றில் பலதையும் படித்திருப்பார்கள். முகம் மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 'புள்ளட மொகத்தக் கீறப்படாது சேர், மௌலவி சொல்ற' என்று ஒரு தகப்பன் என்னிடம் சொன்னால் அது அறியாமை என்று நான் தள்ளிவிடமாட்டேன். உருவம் செய்வோரைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் புகாரியில் உள்ளன. படம் செய்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரழி), செய்யத்தான் வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றதையும் செய் என்று சொன்னதும் அங்கேயே உள்ளது. இலையும் கொடியும் எழுத்தணியும் நம் கலையில் அவ்வளவு வளம் பெற்றதற்கு இதுவும் காரணம். அதே தொகுப்புகளில்தான் ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகளோடு விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காமல் தோழிகளை அவரிடம் விளையாட அனுப்பியதும் உள்ளன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் அப்துஹு, வணக்கத்துக்கு வழியாகாத, அறிவுக்கும் நினைவுக்கும் உதவும் சித்திரத்தை ஆதரித்து எழுதினார். ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. பத்வா கொடுப்பது எனது வேலை அல்ல. தமிழ் படிப்பிக்கிறவன் நான். ஆனால் விமர்சகனாக ஒன்றைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் ஹஜ்ஜுக்கும் முகத்தைக் கொடுக்கிறோம். கல்யாண வீட்டில் ஆயிரம் படம் எடுத்துக் கைபேசியில் அனுப்புகிறோம். பேணுதல் மீதியாய் நிற்பது கரித்துண்டிடம் மட்டும்தானா? முழுவதும் பேணுகிறவர்களின் பேணுதலை மதிக்கிறேன். அவர்களைப் பற்றியல்ல எனது கேள்வி. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வகுப்பில் முகம் கீற விரும்பாவிட்டால் இலையைக் கீறட்டும், வற்புறுத்தக் கூடாது.

இன்னொரு வழியாகவும் நமது மரபு பிள்ளையைக் கீறியிருக்கிறது. நபிகள் நாயகத்தின் மீதும் முஹ்யித்தீன் ஆண்டகை மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய முஸ்லிம் புலவர்கள் நமக்கு உண்டு. நபிகளாரின் முகத்தைத் தூரிகை தொடாது. அதில் நமக்குள் பேச்சே இல்லை. சொல் தொட்டது. செங்கீரை ஆடுவதும், சப்பாணி கொட்டுவதும், முத்தம் தருவதும், அம்புலியை அழைப்பதும் வரிசையாக வருகின்றன. தூரிகையை மறுத்த சமூகம் பிள்ளையைப் பார்ப்பதை மறுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனாலும் பிள்ளைத்தமிழில் ஓர் எல்லை இருக்கிறது. அங்கே பருவங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் கை கொட்டத்தான் வேண்டும், சிற்றில் சிதைக்கத்தான் வேண்டும். பசித்த பிள்ளைக்கு, பயந்த பிள்ளைக்கு, ஒன்றும் செய்யாமல் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதில் பருவம் இல்லை. ரூபன்ஸின் செங்காவியைப் போல அதுவும் நலமான பிள்ளையின் கலை. கரியின் வேலை அது விட்ட இடத்தில் தொடங்குகிறது.

சும்மா இருக்கும் பிள்ளை என்று சொன்னேன். உருவப்படத்தின் சாரமே அங்கேதான் இருக்கிறது என்பது எனது துணிபு. கெமராவுக்கு ஒரு நொடி போதும். அந்த நொடிக்குப் பிள்ளை சிரித்துக் கொடுக்கும், அல்லது அழுது கொடுக்கும். கரியோடு எதிரே அமர்கிறவருக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் முகத்தில் இருப்பது வெட்கமும் நடிப்பும். பிறகு அலுப்பு. காலை ஆட்டும், மூக்கைத் துடைக்கும், 'முடிஞ்சா?' என்று கேட்கும். அலுப்பும் தீர்ந்து, பார்க்கப்படுவதை மறந்து, தன் யோசனைக்குள் போகும் ஒரு நேரம் வரும். அப்போது வாய் கொஞ்சம் திறந்து இருக்கும். இதுவரை போட்ட கோட்டை ஒற்றி அழித்துவிட்டு மறுபடி தொடங்கக் கரி இடம் கொடுக்கிறது. நல்ல பிள்ளைச் சித்திரங்களில் அழித்த கோட்டின் நிழல் எப்போதும் மிஞ்சியிருக்கும். அது அழுக்கு அல்ல. கீறியவர் தன் முதல் எண்ணத்தை விட்டுக்கொடுத்த அடையாளம்.

பரிசளிப்பு விழாக்களில் காட்சிக்கு வைக்கும் பிள்ளைச் சித்திரங்களைப் பார்க்கும்போது இந்த நிழலைத்தான் தேடுகிறேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை. புகைப்படத்தில் கட்டம் போட்டுப் பெருப்பித்து, ரிஷூவால் தேய்த்து வழவழப்பாக்கிய முகங்களே வருகின்றன. மத்தியஸ்தர்களும் அவற்றுக்கே முதலிடம் கொடுக்கிறார்கள், 'அச்சு அசல்' என்று. அச்சு அசலுக்குக் கைபேசி இருக்கிறதே. ஓர் உயர்தர மாணவி தன் தம்பியைச் சிரட்டைக் கரியால் பேப்பர் பையின் முதுகில் கீறிக் கொண்டுவந்திருந்தாள். ஒரு காது பெரிது. நாடி இரண்டு தரம் அழிக்கப்பட்டிருந்தது. மூக்குறிஞ்சுவதற்கு முந்திய கணத்தில் மேலுதடு இலேசாகத் தூக்கியிருந்தது. தம்பியின் பெயரையும் வயதையும் கீழே எழுதியிருந்தாள். பரிசு கிடைக்கவில்லை. உம்மா வீட்டில் மாட்டவிடவில்லை, அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்திருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடல் காற்றில் ஈரம் ஏறும். பூச்சுத் திரவம் அடிக்காத கரி துணியில் ஒட்டும். இடையில் ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.